பதினெட்டு லட்சம்

சுவேதா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். உள்ளே யாரையும் விடுவதில்லை. ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவமனையின் இணையதளத்தில் அன்றாடம் பார்க்கலாம். லட்சத்தைத் தாண்டினால் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஒதியம்பட்டு வீட்டில் சாயங்கால ஜெபமாலைக்கு முன்னால் அம்மா ஜோஸ்பின் அந்த எண்ணைத் தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவாள். முதல் எண் வந்த அன்று அண்ணன் அன்புராஜ் மருத்துவமனையிலிருந்து வந்து பைக்கை நிறுத்தும்போதே உள்ளே ஒரே ஆரவாரம்.

"பதினெட்டு லட்சம்டா! மாதா கைவிடல!"

போனை வாங்கிப் பார்த்தான். 18000.00 என்றிருந்தது. சைபர் போடுவதில் அந்தத் தளத்துக்கு அப்படியொரு தாராள மனசு. கமா கிடையாது, கடைசியில் வேண்டாத இரண்டு சைபர் வேறு. கீறல் விழுந்த திரையில் புள்ளி எங்கே தெரியப்போகிறது? அம்மா விரல் வைத்து எண்ணியிருக்கிறாள்.

டாக்டர் அன்று காலை அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. தெருவே சந்தோஷப்படுவதையும் தாங்க முடியவில்லை. டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், வாயால் சொல்ல வேண்டியதை ஸ்கிரிப்டாக எழுதினான். நாலே வரி. அம்மா போனின் பிரவுசரில் ஏற்றிவிட்டான். இனி அந்தப் பக்கத்தைத் திறந்தால் கடைசி இரண்டு சைபரும் உதிரும், கமா தன் இடத்தில் விழும். கோழைத்தனம்தான், வேறென்ன?

மறுநாள் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் அம்மா பக்கத்தைத் திறந்தாள்.

11,000.

"இன்னா ஜோஸ்பின், எவ்ளோ?" என்றாள் எதிர்வீட்டுக் காசம்மாள்.

அம்மா போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் கீது. ஆரம்பிங்க."

எல்லோரும் போன பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"இதுல இன்னாடா பண்ண?"

"கமா போட்டேம்மா. சரியா தெரியணும்னு."

"அப்போ நேத்து?"

"பதினெட்டாயிரம்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

தரையில் அவன் கண்ணீர் சொட்டியது. அவள் போனை நீட்டினாள்.

"எடுத்துடுபா. பழையபடியே இருக்கட்டும்."

அவன் ஸ்கிரிப்டை அணைத்தான். 11000.00 என்று பக்கம் திரும்ப வந்தது. அம்மா வலது ஓரத்திலிருந்து விரலை நகர்த்தினாள். ஒன்று, பத்து என்று எண்ணிப் புள்ளியருகே வந்தாள். நன்றாகத் தெரிந்தது அவளுக்கு. விரல் நிற்காமல் அதைத் தாண்டிப் போயிற்று.

"நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம்..."

எண்ணி முடித்து, "பதினோரு லட்சம்டா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.