யாஸ்னா நகர்த்திய அலமாரி

பிரோட் நகரில் வெயில் மண்டையைப் பிளந்த அந்தக் கோடையில், யாஸ்னா வீட்டுப் பால்கனிக் கதவு மட்டும் திறக்கவே இல்லை. கணவன் நெபோய்ஷா லாரியோடு ஆஸ்திரியாவுக்குக் கிளம்பிய கையோடு, அவள் துணி அலமாரியைத் தனியாளாக இழுத்து அந்தக் கதவை அடைத்துவிட்டாள். பிரசவத் தையல் விண்விண்ணென்று வலித்தது. பயத்துக்கு முன்னால் வலி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அன்று காலை குழந்தையோடு பால்கனியில் நின்றபோது மின்னல்போல ஓர் எண்ணம் வெட்டிவிட்டுப் போயிருந்தது: பிள்ளையைப் பிடித்திருக்கும் கையை விட்டுவிட்டால்?

அதன்பிறகு பால் கொடுக்கும் நேரம் தவிர மகளைத் தொடவே நடுங்கினாள். யாரிடம் சொல்வது? சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே. உதவிக்கு வருகிறேன் என்ற அக்காவையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

பிள்ளை பெற்றவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் செவிலி ருஜித்சா மணியடித்தபோது, யாஸ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஆள் இல்லைன்னு இறங்கப் போனேன். உன் மகதான் கூப்பிட்டா," என்று மூச்சிரைக்க உள்ளே வந்தாள் ருஜித்சா. "லிஃப்ட் இல்லாத வீட்டுலதான் எல்லாரும் பிள்ளை பெத்துக்கறீங்க."

குழந்தையை எடை பார்த்தாள், தொப்புளைப் பார்த்தாள். "இவளுக்கு ஒரு குறையும் இல்ல. உன் கதையைச் சொல்லு."

"எனக்கென்ன சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கறவ இந்த வெக்கையில கதவுக்கு அலமாரியை முட்டுக் குடுப்பாளா?"

"எலி வருது."

"நாலாவது மாடிக்கா? கெட்டிக்கார எலிதான்."

யாஸ்னா சிரிக்கப் போனாள். அழுகைதான் வந்தது. அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ருஜித்சா பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அப்படிச் செய்யணும்னு தோணுதா, இல்ல செஞ்சிருவோமோன்னு பயமா?"

"பயம். சத்தியமா பயம்தான்."

"செய், செய்னு காதுல எதுவும் கேக்குதா?"

"இல்ல."

"உன்னையே ஏதாச்சும் பண்ணிக்கலாம்னு?"

"இல்ல சிஸ்டர். தூங்கினாப் போதும்."

ருஜித்சா பெருமூச்சு விட்டாள். "எத்தனையோ தாய்மாருக்கு இந்த எண்ணம் வருது கண்ணு. வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான். பிள்ளையைக் காப்பாத்தத்தானே பச்சை உடம்போட அவ்வளவு பெரிய அலமாரியை இழுத்திருக்க?"

"இவளைக் கொண்டுபோயிருவீங்களா?"

"எனக்கெதுக்கு? நான் மூணு பெத்து வளத்தாச்சு," என்றவள் குழந்தையை எடுத்து அம்மாவின் மடியிலேயே வைத்தாள். யாஸ்னா தயங்கித் தயங்கி ஒரு கையை மகள்மேல் வைத்தாள். ருஜித்சா தன் கையை அதன்மேல் வைத்தாள். "நாளைக்கு டாக்டரைப் பாப்போம். நானும் கூட வர்றேன். இப்ப நீ தனியா இருக்கக் கூடாது. அக்காவுக்கு ஃபோன் போடு. அவ வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

நீஷ் நகரிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து, ஒரு பானை நிறைய இறைச்சி அடைத்த குடைமிளகாயோடு வந்து இறங்கினாள் அக்கா ஸ்னேஜானா. "வராதேன்னு சொன்னா வராம இருந்துருவேன்னு நினைச்சியா, மக்கு?" என்று திட்டிக்கொண்டே தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

அந்த எண்ணம் மறுநாளே ஓடிவிடவில்லை. டாக்டர் மருந்து கொடுத்தார். ருஜித்சா அடிக்கடி படியேறி வந்தாள். இலையுதிர்காலத்துக்குள் அது தேய்ந்து மறைந்தது. ஆனால் அக்கா வந்த அன்றே யாஸ்னா கட்டையைப் போலத் தூங்கினாள். பால் கட்டி மார்பு வலித்த பிறகே விழித்தாள். அடுக்களையில் அக்கா குழந்தையிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தாள்.

யாஸ்னாவுக்குப் பசித்தது. மகளை வாங்கி மார்போடு அணைத்தபடி உட்கார்ந்தாள். ஆறிப்போன குடைமிளகாயை அக்கா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றாள்.