நூற்று ஒன்பதாவது கட்டம்

எங்கள் ஊர் நூலகத்தில் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அனிமேஷன் வகுப்பு. வகுப்பு என்று பெரிதாகச் சொல்கிறேன். மொத்தம் ஐந்து பேர், நான்கு கணினி, ஒரு தட்டு லாமிங்டன் கேக். சொல்லித்தருகிற டாமியன் மற்ற நாட்களில் நூலகத்தின் நடமாடும் வண்டியை ஓட்டுகிறவன். வட்டம்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவர்களுக்காகவே செய்த மென்பொருள் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தான். அது பொய் இல்லை. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

என்னை இழுத்துக்கொண்டு போனவள் டெல்மா. எதிர்வீட்டுக்காரி, முப்பது வருடப் பழக்கம், வாய் மட்டும் ஓயாது. தன் நாய் வாலைத் துரத்திக்கொண்டு சுற்றுவதைப் படமாக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"நாய்க்கு அஞ்சு கால் இருக்குடி," என்றேன் இரண்டாம் வாரம்.

"பழைய காலை அழிக்க மறந்துட்டேன். ஓடுறப்ப எவ எண்ணப் போறா?"

மூன்றாம் வாரம் டாமியன் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினான்.

"இதுக்குப் பேரு வெங்காயச் சருகு. இதை அமுக்கினா, நீங்க வரையுற கட்டத்துக்கு முந்தின படம் சிவப்பா, மங்கலாத் தெரியும். அடுத்த படம் பச்சையாத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சா கை கால் இடம் மாறாது. பயப்படாதீங்க, முடிச்ச படத்துல சருகு வராது. வரையுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப பேய்னு சொல்லு," என்றாள் டெல்மா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வரைய நினைத்தது ராய்ஸை. என் புருஷன். சிங்கி இறால் பிடிக்கப் படகில் போனவன், மூன்று வருடம் ஆகிறது. படகு மட்டும் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

அன்று காலை எங்களுக்குள் சண்டை. அலை சரியில்லை, போகாதே என்றேன். எனக்கே கடலைப் பற்றிச் சொல்லித்தருகிறாயா என்றான். "அப்ப போய்த் தொலை!" என்று கத்திவிட்டுத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். எல்லோர் வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை திரும்பி வந்திருக்கிறான். அந்த ஒரு தடவை சொன்னபடி செய்துவிட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். வாசல் படலைத் திறந்ததும் நின்று, வீட்டைப் பார்த்துத் திரும்பி, கையைத் தூக்குவான். தொட்டிக்கு நேர் எதிரே ஜன்னல். நானும் நுரைக் கையைத் தூக்குவேன். அன்றைக்கு நான் தலையை நிமிர்த்தவில்லை. வீம்பு. படல் கிறீச்சிட்டது காதில் விழுந்தது, பிறகு வண்டிச் சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் கையைத் தூக்கினானா, தூக்காமல் போனானா? கோபத்தோடு கடலுக்குப் போனானா, கோபத்தைப் படலடியில் விட்டுவிட்டுப் போனானா? மூன்று வருடமாக இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால் வரைந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற காட்சி. அவன் முதுகைக் காட்டியபடி வாசல்படியிலிருந்து படல்வரை நடக்கிறான். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். தலைக்கு ஒரு வட்டம், அதன்மேல் கம்பளித் தொப்பி, உடம்புக்கு ஒரு பை, அடியில் ரப்பர் பூட்ஸ். அவன் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான், அது மட்டும் எனக்கு அச்சாக வந்துவிட்டது. என் படத்தைப் பார்த்த டாமியன் தலையில் அடித்துக்கொண்டான்.

"வெர்னா, படியில சும்மா நிக்குற ஆளை எதுக்குப் பதினஞ்சு தடவை வரையுறீங்க? ஒரு தடவை வரைஞ்சுட்டுக் கட்டத்தோட ஓரத்தைப் பிடிச்சு வலது பக்கம் இழுங்க. எவ்வளவு இழுக்குறீங்களோ அவ்வளவு நேரம் நிப்பாரு."

ஏழாவது வாரம் ராய்ஸ் படலுக்கு வந்துவிட்டான். நூற்று எட்டாவது கட்டம். அதற்குமேல் என் கை ஓடவில்லை. கை தூக்குவதுபோல் வரைந்தால் அது என் ஆசை. தூக்காமல் வரைந்தால் அது என் பயம். இரண்டும் அவன் இல்லை. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை கோப்பைத் திறந்தேன். நூற்று எட்டாவது கட்டம். சிவப்பு நிழல் பின்னால் இருந்தது, அது நான் வரைந்தது. முன்னால் ஒரு பச்சை நிழல் நின்றது.

நான் வரையாதது.

மங்கலாக, புகை மாதிரி. ஒரு கை மேலே தூக்கியிருந்தது. சருகுப் பொத்தானை அமுக்கினேன், போய்விட்டது. மறுபடி அமுக்கினேன், வந்துவிட்டது. கிட்டே குனிந்து பார்த்தேன். தூக்கிய வலது கையில் மூன்றே விரல். ராய்ஸின் வலது கையில் இரண்டு விரலைக் கயிறு சுற்றும் எந்திரம் எடுத்துப் பல வருடம் ஆகிறது. நான் வரைந்த கைகளில் விரலே கிடையாது, வெறும் உருண்டைதான்.

"டாமியன்," என்று கூப்பிட்டேன்.

எட்டிப் பார்த்தான். "அடுத்த கட்டத்துல ஏதோ வரைஞ்சிருக்கீங்க, அதான் தெரியுது. புதுசா கத்துக்குறவங்க எல்லாரும் கட்டம் மாறி வரையுறதுதான். அங்க போய்ப் பாருங்களேன்."

நான் போகவில்லை. கணினியை அணைத்துவிட்டு எழுந்தேன். பக்கத்து நாற்காலியில் டெல்மா நாயின் ஐந்தாவது காலை அழித்துக்கொண்டிருந்தாள்.

"டெல்மா, அவன் வந்துட்டான்டி," என்றேன்.

எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கிறவள் அன்றைக்கு அந்தக் காலோடு நல்ல காலையும் சேர்த்து அழித்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கும் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரம் நான் மனுஷியாக இல்லை. காலையில் தொட்டியில் நின்றால் ஜன்னலுக்கு வெளியே படல். நல்ல வெயிலில் படல். கண்ணை மூடித் திறந்தால் அதன் பக்கத்தில் பச்சையாக ஏதோ நின்று கரைந்தது. திரையை வெறித்துப் பார்த்த கண், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை படல் கிறீச்சிட்டது. கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. காற்றுதான். ஓடிப்போய்க் கொக்கியைப் பூட்டினேன். உள்ளே வந்து யோசித்து, மறுபடி போய்த் திறந்து வைத்தேன். வருகிறவன் பூட்டியிருக்கிறதே என்று திரும்பிப் போய்விடக்கூடாதே.

புதன்கிழமை மற்றவர்கள் வருவதற்குள் போய் உட்கார்ந்தேன். வருகிறது வரட்டும் என்று நூற்று ஒன்பதாவது கட்டத்தைத் தொட்டேன்.

பச்சை இல்லை. நல்ல கறுப்புக் கோடு. ராய்ஸ் நின்றான், கை தூக்கியிருந்தது, மூன்று விரல். ஆனால் முதுகுதான் தெரிந்தது. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்குக் கை காட்டுகிறான்? என்னை விட்டுவிட்டு ரோட்டில் யாரைப் பார்க்கிறான்?

அப்போதுதான் தபால் பெட்டி கண்ணில் பட்டது. அவனே வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்து நசுக்கின பெட்டி, அந்த நசுங்கலோடு அப்படியே வரைந்திருந்தது. அது படலின் வெளிப்பக்கம் மாட்டியிருப்பது. என் சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியாது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். அங்கே இருந்து பார்க்கிறவர்களுக்கு, வீட்டை நோக்கித் திரும்பி நிற்கிறவனின் முதுகுதான் தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஒரே வீடு.

டெல்மா உள்ளே வந்து பையை வைத்தாள். என் திரையைப் பார்த்தாள். திரும்பி ஓடப்போகிறாள் என்று நினைத்தேன், ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோருடைய படமும் நூலகத்தின் ஒரே கணக்கில்தான் இருக்கிறது, யாரும் திறக்கலாம். எனக்கு அது உறைக்கவே இல்லை.

"நீயா?"

"நான்தான். போன வாரம் திங்கக்கிழமை வந்து வரைஞ்சேன். ஒரே ஒரு படம்."

"பாவி! ஒரு வாரமா செத்துச் செத்துப் பொழைச்சேன்டி."

"வாயால சொல்ல வரல வெர்னா. படத்துல நீ அந்தப் படல்கிட்ட வந்து நின்னுட்ட. எனக்குப் பார்க்கப் பொறுக்கல."

"நீ பார்த்தியா? அன்னைக்கு?"

"குப்பைத் தொட்டியை வெளிய வைக்க வந்தேன். அவன் திரும்பி நின்னான். கையைத் தூக்கினான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எப்பவும் போலத்தான்."

தூக்கினான். தூக்கியிருக்கிறான். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. அதே மூச்சில் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"மூணு வருஷம்! தினமும் என் வீட்டு டீயைக் குடிச்ச. ஒரு வார்த்தை, 'தூக்கினான்டி'னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்ல? ஊர்க்கதை எல்லாம் பேசுற வாய்!"

"கத்தாத. சொல்லலாம்னு எத்தனை தடவை வந்திருக்கேன் தெரியுமா? ஜன்னல்ல நீ குனிஞ்சே இருந்தது எனக்குத் தெரிஞ்சுது. கை தூக்கினான்னு சொன்னா நீ அடுத்தது ஒண்ணு கேப்ப. அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"எவ்வளவு நேரம் நின்னான்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நீ சொல்ல வேணாம்," என்றேன். நூற்று ஒன்பதாவது கட்டத்தின் ஓரத்தைப் பிடித்தேன். "நான் இழுக்குறேன். எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லு."

பன்னிரண்டு கட்டம் இழுத்தேன். ஒரு நொடி. டெல்மா சும்மா இருந்தாள். இரண்டு. மூன்று. போதும் என்பாள் என்று பார்த்தேன். வழக்கமாக அவனுக்கு அவ்வளவுதான் பொறுமை.

"இன்னும்," என்றாள்.

ஆறு நொடி. எட்டு.

"இன்னும்."

திரையின் ஓரம் வந்துவிட்டது. கட்டங்கள் நகர்ந்து புதுக் கட்டங்கள் வந்தன. டாமியன் உள்ளே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவன், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு லாமிங்டன் தட்டோடு அப்படியே நின்றான். பதினைந்து. பதினெட்டு. இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னும்டி," என்று டெல்மா அழுதாள். "கையை இறக்கவே இல்ல. நீ நிமிர்ந்துடுவ, நிமிர்ந்துடுவன்னு நானும் அங்கயே நின்னேன்."

இருபத்தாறாவது நொடியில் அவள் என் கையின்மேல் கையை வைத்தாள்.

ஓடவிட்டேன். ராய்ஸ் படியிறங்கினான். இடது காலை இழுத்து இழுத்து நடந்து படலுக்கு வந்தான். கையைத் தூக்கினான். நின்றான். அசையாத ஒரு படம்தான். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. ஒரு பாத்திரத்தைத் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்து, இன்னொன்றை எடுக்கிற நேரம். நான் வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்த நேரம். அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. என் கையையும் தூக்கினேன். வலிக்க வலிக்கத் தூக்கியே வைத்திருந்தேன்.

படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் இதை நிறுத்த மறந்துவிடுவார்கள் என்று டாமியன் சொல்லிக்கொண்டே இருப்பான். வாசல்படியில் ராய்ஸ் முதுகைக் காட்டி நின்றான். காலை எடுத்து வைத்தான்.

"நிறுத்திடவா?" என்று டெல்மா மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்," என்றேன். "இப்பதான கிளம்பியிருக்கான்."