கல் கட்டிய தேங்காய்

பகல் பன்னிரண்டு, கோயிலில் திரிகால மணி இன்னும் ஓயவில்லை, அதற்குள் இந்த போன், தெரியாத எண், எடுக்காமல் விட்டுவிடலாமா… ஆனால் கடலில் விட்ட தேங்காய்களின் மேல் ஆரஞ்சுப் பெயிண்டில் எழுதியிருப்பது ஜெசிந்தாவின் எண்தான், தெரியாத யாரோ கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தானே எழுதியது, பிறகு ஏன் கை வரவில்லை. திரேஸ்புரம் மகளிர் குழு அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஸ்பீக்கர்ல போடுங்கக்கா என்றாள் ஷெர்லின். போட்டாள். "யம்மா, பெரியதாழைல இருந்து எமில்டா பேசுதேன், கருவாடு போடுதவ. ஒங்க தேங்கா ஒண்ணு இங்கன கரை ஏறிக் கெடக்கு. கல்லு வேற கட்டி வச்சிருக்கிய. சட்னி அரைச்சிரவா, எடுத்து வைக்கவா?" அறை சிரித்தது, யாரோ கை தட்டினார்கள், ஷெர்லின் சுவரில் இருந்த வரைபடத்துக்கு ஓடி ஒரு சிவப்பு ஊசியைக் குத்தினாள், தெற்கே, திருச்செந்தூரையும் மணப்பாட்டையும் தாண்டி, இவ்வளவு தெற்கே யாரும் எதிர்பார்க்கலக்கா… ஆமாம், யாரும் எதிர்பார்க்கவில்லை, தெற்கே யாரும் தேடவே இல்லை.

கடலில் தொலைந்தது எங்கே கரை ஏறும், இதுதான் அவள் கேட்டது. ஷெர்லின் சென்னையிலிருந்து முதல்முறை வந்த அன்று, படிச்சவங்க கேள்வி வேண்டாம்க்கா, உங்க கேள்வி, உங்க சோதனை, அதுக்கு எங்க அமைப்பு சின்னதா ஒரு தொகை குடுக்கும், தப்பாப் போனாலும் யாரும் கோவிக்க மாட்டாங்க, ஒண்ணுமே வரலன்னாலும் அதுவும் ஒரு முடிவுதான் என்றாள். ஒன்றுமே வராதது எப்படி முடிவாகும்? நான்கு வருடமாக ஒன்றுமே வரவில்லை, அது முடிவா? தொலைஞ்சதுன்னா வலையாக்கா என்றாள் ஷெர்லின், ஜெசிந்தா தலையை ஆட்டினாள், வலைதான், அறுந்து போகிற வலை. மற்ற பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊரில் யாருக்குத் தெரியாது, ரெக்சன் வீட்டுக்காரி இன்னும் தாலியைக் கழற்றவில்லை என்று, அவன் சட்டை கொடியிலேயே கிடக்கிறது என்று. இரவில் கதவு ஆடினால் காற்று என்று முதலில் நினைக்கிறவள் இல்லை அவள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

முதலில் விட்ட தேங்காய்கள் சும்மா மிதந்தன, தென்காற்று வாங்கி வடக்கே ஓடி தருவைகுளத்தில் கரை ஏறின. ரெக்சன் கடலில் தொலைந்த ஐப்பசியிலும் இதே தென்காற்றுதான், அவன் வள்ளமும் கவிழ்ந்தபடி தருவைகுளத்துக்குத்தான் போனது, அதனால் ஊரே வடக்கே தேடியது, எத்தனை வள்ளம், எத்தனை ஆள், எல்லாம் வடக்கே. குழு அதோடு முடித்துக்கொள்ளப் பார்த்தது. அவள்தான் விடவில்லை. வள்ளம் தண்ணீருக்கு மேலே கிடக்கும், அதைக் காற்று தள்ளும், மேலே இல்லாததை? அதை நீவாடுதானே இழுக்கும், அடியில் ஓடுகிற தண்ணீர், காற்று இன்னும் திரும்பாதபோதே அது தெற்கே திரும்பியிருந்தால்? கல் கட்டுவோம் என்றாள். அருமையான யோசனைக்கா என்று ஷெர்லின் அதை போனில் பதிவுசெய்துகொண்டாள். எவ்வளவு கனம் கட்டுவது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, பின்வாசல் டிரம்மில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். கல்யாணமான புதிதில் ரெக்சன் கடலில் மல்லாந்து கிடந்து காட்டுவான், நெஞ்சு தண்ணீருக்குள், முகம் மட்டும் வெளியே, ஏளா பாரு, செத்தவன் இப்படித்தான் கெடப்பான் என்று சிரிப்பான், அவள் மணலை வாரி எறிவாள்… டிரம்மில் தேங்காய் அந்த முகம் அளவுக்கு வெளியே தெரிகிறவரை ஒவ்வொரு கல்லாக மாற்றிக் கட்டினாள்.

விடப் போனபோது வள்ளம் ஓட்டியவன் கொழுந்தன் ஜாய்சன். அன்று ரெக்சனோடு போய்த் திரும்பி வந்தவன், அந்த இடத்தைப் பற்றி அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லாதவன், அவளும் கேட்டதில்லை. முத்துச் சிப்பி கிடக்கும் பாறைத் திட்டான முத்துப் பார் தாண்டிக் கொஞ்ச தூரம் கிழக்கே போனதும் அவனே இன்ஜினை அணைத்தான். "இங்கனதான் மைனி" என்றான். தேங்காய்களை அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள், எறியவில்லை, இரண்டு கையாலும் இறக்கினாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தாள், வெயில், சுவர் நிழல் கால் அளவுகூட இல்லை. "அக்கா, எங்கன ஏறிச்சு?" "குருசடிக்குத் தெக்க. இந்த மாசத்துல கடல் கொண்டாந்து தள்ளுதது எல்லாம் அங்கனதான்." "எல்லாம்னா?" "வலை, கட்டை, ஒத்தச் செருப்பு… ஆளும்தான் ஏளா." கேட்காதே, இங்கேயே நிறுத்து, தேங்காயோடு நிறுத்து. "எப்பக்கா?" என்று யாரோ கேட்டார்கள், அவள் குரல்தான் அது. "நாலஞ்சு வருசம் இருக்கும். முகம்னு ஒண்ணும் இல்ல, பாவம். போலீசு வந்து பாத்துட்டு, தேடி ஒருத்தரும் வரலன்னுட்டாவ. கழுத்துல மாதா படம் கோத்த உத்திரியக் கயிறு கெடந்துச்சு, அதப் பாத்து சாமியாரு நம்ம கோயில் ஆளுதான்னு மணியடிச்சு அடக்கம் பண்ணுனாரு." உத்திரியம், இந்தக் கரையில் எந்தக் கழுத்தில் இல்லை, ஜாய்சன் கழுத்தில் இல்லையா, ஆயிரம் கழுத்தில் கிடக்கும், அது அவனாக இருக்க வேண்டியதில்லை… அவனாக இல்லாவிட்டால் கதவு இன்றைக்கும் ஆடும். இவ்வளவு நாள் தேங்காய் கரை ஏற வேண்டும் என்று மாதாவிடம் கேட்டாளே, அப்படியா கேட்டாள்? உள்ளே ஷெர்லின் யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், முடிவு வந்திருச்சு, முடிவு வந்திருச்சு.

"அந்தக் குழிக்கு ஆளில்லையேன்னு கல்லறைத் திருநாளுக்கு நாந்தான் ஒரு மெழுகுதிரி பொருத்துவேன். போன வாரமும் பொருத்துனேன், காத்துல நிக்கல, மறுபடியும் பொருத்துனேன்." போன வாரம் அதே நேரத்தில் ஜெசிந்தாவும் இங்கே பொருத்தினாள், குழி இல்லாதவர்களுக்கு என்று இருக்கும் பெரிய குருசின் அடியில், அதுவும் காற்றில் நிற்கவில்லை, அவள் மறுபடி பொருத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அறைக் கதவருகில் ஜாய்சன் வந்து நின்றான், யாரோ சொல்லியிருப்பார்கள், பெரியதாழை என்று. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். போனில் கடல் இரைந்தது, அந்தக் கரையின் கடல்.

"ஏளா, இருக்கியா? தேங்காய எடுக்க நீயே வாரியா, இல்ல வேற ஆள அனுப்புதியா?"