கார்டுக்குப் போன கேடயம்

கணவரின் வெள்ளைச் சட்டையை அன்று தையல்காரம்மா இஸ்திரி போட்டாள் என்று சொல்ல முடியாது. பெட்டியால் அறைந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார் கார்டு. ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டும் கார்டு அவர். சத்தமாகத் தும்மக்கூடத் தெரியாத மனுஷர்.

கோபம் சட்டைமேல் இல்லை. அவர் வேலை பார்க்கும் எக்ஸ்பிரஸ், வருஷம் முழுக்க ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. அரசாங்க ரயில்வேயில் இப்படி ஒரு வண்டியா என்று நம்பாதவர்கள் டிக்கெட் எடுத்து ஏறிப் பார்த்தார்கள். இறங்கும்போது தங்கள் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார்கள். காலையில் இங்கிருந்து போய் அவர் ஏறிவரும் அந்த வண்டி இன்று மாலை இந்த ஊரில் நிற்கும்போது பிளாட்பாரத்தில் விழா. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து டிரைவருக்குக் கேடயம் கொடுக்கிறார். டிரைவருக்கு மட்டும். கார்டு என்று ஒருவர் இருப்பதே அழைப்பிதழுக்குத் தெரியவில்லை.

"பேரு போட இடம் பத்தலையோ என்னவோ," என்றார் கார்டு.

"மைக் செட்டுக்காரர் பேரு போட இடம் இருந்துச்சே."

"விடு. வண்டி நேரத்துக்குப் போனா போதாதா?"

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது."

உண்மையிலேயே அவளுக்குப் போதவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். மழையோ வெயிலோ, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போவார், வருவார், தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். இந்த மனுஷருக்காக ஒரே ஒரு தடவை நாலு பேர் கைதட்டுவதைக் காதால் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அது நடக்கப் போவதில்லை, தானாவது போய் அவர் எதிரில் நிற்கலாம் என்று மாலையில் ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

வாசல் பக்கக் கோடியில் சிவப்பு விரிப்பு, மைக், பேண்டு, நடுவில் விறைப்பாகப் பெரிய அதிகாரி. மேடை இங்கே என்றால் இன்ஜின் இங்கே நிற்கும்; கடைசிப் பெட்டி அந்தக் கோடியில். அவள் நடந்தாள். கூரை முடிந்தது, பெஞ்சுகள் முடிந்தன. ஒழுகுகிற குழாயும் ஒரு நாயும் மட்டும் இருந்த இடத்தில் போய் நின்றாள்.

நடந்தது என்னவென்றால், காலையிலேயே விழா ஒத்திகை பார்த்திருந்தார்கள். காலை வண்டியின் இன்ஜின் அச்சாக விரிப்புக்கு முன்னால் நின்றது. எல்லாருக்கும் பரம திருப்தி. மாலை வண்டி எதிர்த்திசையிலிருந்து வரும் என்பது மட்டும் ஸ்டேஷன் மாஸ்டரைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை. அவர் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. அதிகாரி புன்னகையோடு கேடயத்தை நீட்டினார். இன்ஜின் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நாலு எட்டு கூடவே ஓடிப் பார்த்தார், முடியவில்லை. அது நேராக வந்து தையல்காரம்மாவின் முன்னால் நின்றது.

தலையைப் படிய வாரிக்கொண்டு, நன்றியுரை எழுதிய தாளோடு டிரைவர் இறங்கினார். குழாயைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, நீ மட்டும்தான் வந்தியா?"

தூரத்தில் பேண்டு முழங்கத் தொடங்கியது. சீருடை போட்டவர் இறங்கியதும் வாசிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு உத்தரவு. அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, உங்க கேடயம் எங்க வீட்டுக்காரர் கைக்குப் போயிடுச்சு."

டிரைவரின் முகம் மிட்டாயைக் கீழே போட்ட பிள்ளையின் முகமானது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இது அவருக்குன்னு வாங்கினது. நீங்க வச்சுக்கங்க," என்று பூங்கொத்தைக் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உதவி டிரைவரை இன்ஜினிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, "வா, உன் வீட்டுக்காரன் அங்க என்ன பாடு படுறானோ பார்ப்போம்," என்று நடந்தார்.

பாதி வழியில் கார்டே எதிரில் வந்தார், ஓட்டமும் நடையுமாக, கேடயத்தைத் திருட்டுச் சாமான்போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பின்னால் அதிகாரி. அவருக்குப் பின்னால் வாசிப்பை நிறுத்தாமல் பேண்டு முழுவதும்.

"அண்ணே, இந்தாங்க. நான் டிரைவர் இல்லன்னு கத்திப் பார்த்துட்டேன், டிரம் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

பேண்டு ஓய்ந்தது. அதிகாரி மூச்சு வாங்க, "அப்போ நீங்க யாரு?" என்றார்.

கார்டு வாயைத் திறந்தார், மூடினார். தன்னைப் பற்றிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தையல்காரம்மா பேச வாயெடுப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்.

"சார், இவன் கொடி காட்டாம என் இன்ஜின் ஒரு அடி நகராது. நேரத்துக்குக் கொண்டுவந்தது நான்னா, நேரத்துக்குக் கிளப்பினது இவன். ரெண்டு பேருக்கும்னு சொல்லிக் குடுங்க. இல்லாட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

அதிகாரி நல்ல மனுஷர்தான். காது வரை சிவந்துபோய், கார்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் கைதட்டியதும் அவர்தான். ஜன்னலுக்கு ஜன்னல் பயணிகள் தட்டினார்கள். தையல்காரம்மாவுக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

"போட்டோவுக்கு நில்லுங்க," என்று யாரோ கூப்பிட்டார்கள். கார்டு கடிகாரத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"அண்ணே, நேரமாச்சு."

கேடயம் அவள் கைக்கு வந்தது, பூங்கொத்தும் வந்தது. இருவரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். யார் பின்னால் ஓடுவதென்று தெரியாமல் அதிகாரி அவள் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

கொடி அசைந்தது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. இன்ஜின் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது, ஆனால் ஒருவரும் கலையவில்லை. பெட்டி பெட்டியாகக் கடந்துபோக, எல்லாரும் வாசல் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பெட்டி வந்தது. கதவோரம் கார்டு நின்றுகொண்டிருந்தார். பிளாட்பாரம் முழுவதும் கைதட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கொடியும் கையுமாகவே எல்லாரையும் கும்பிட்டார்.

கைதட்டாதவள் தையல்காரம்மா ஒருத்திதான். கேடயமும் பூக்களுமாக அவளுக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தது.