லாரி முறை 7.2

செம்பாக்கம் ஏரிக்கரையில் தொடங்கித் தாம்பரம் ரயில் நிலையம் வரைக்குமான நிலப்பரப்பில் உண்மை பேசுகிற ஒரே மனிதன் நான்தான், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, போன வருட மழையளவு மாதிரி ஒரு தகவலாகச் சொல்கிறேன், கல்லூரி நோட்டீஸ் போர்டில் மூன்றரை வருடமாக நான் ஒட்டிவரும் ஒற்றைத்தாள் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு இது தெரியும், ஆண்டு மலரில் வந்த பிரின்ஸ்பாலின் கவிதையைப் பிரின்ஸ்பால் உயிரோடு இருக்கும்போதே கவிதை இல்லை என்று எழுதியவன், அதற்காகப் பத்து நாள் சஸ்பெண்ட் ஆகி அந்தப் பத்து நாளும் நிம்மதியாகத் தூங்கியவன், யாருக்காகவும் பொய்யாகத் தலையாட்டியது கிடையாது, ஆட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒரு பத்தி எழுதத் தோன்றும்... இப்போது எதுவும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றேகால். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பாதி வந்து நிற்கிறது, மீதி வருமா என்று தெரியவில்லை, வலதுகைப் பக்கம் அப்பாவின் கிரெடிட் கார்டு, அடுத்த அறையில் அப்பா. "வந்துடுச்சாடா?" என்கிறார். பாதி வந்திருக்கு என்கிறேன். இது உண்மை.

அப்பாவுக்கு வியாழக்கிழமை கண்புரை ஆபரேஷன் ஆனது, மல்லாந்து படுத்து, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கூரையைப் பார்க்கிறாரா உள்ளேயே கண்ணை மூடியிருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாதபடி இருக்கிறார், இரண்டு வாரத்துக்கு டிவி கூடாது, பேப்பர் கூடாது, கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது, அதனால்தான் இந்த வருடம் ரினியூவல் என் தலையில் விழுந்தது. அப்பா அதைப் பேக்கேஜ் என்பார். சாஃப்ட்வேர் எழுதுவதற்கான சாஃப்ட்வேர், வருடச் சந்தா, சந்தா முடிந்தால் அது திறக்காது, நாம் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இன்று கடைசி நாள். எட்டாயிரத்துச் சொச்சம். என் வகுப்பு மகேஷிடம் இதே பேக்கேஜ் பூட்டு உடைத்த சிடியாக இருக்கிறது, ஒரு பிரியாணிக்குத் தருவான், போன வருடம் அதைச் சொன்னபோது அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை, "அந்தக் கம்பெனியில மொத்தமே எட்டுப் பேருடா" என்றார், ஏதோ அந்த எட்டுப் பேரும் சாயங்காலம் காபிக்கு நம் வீட்டுக்கு வரப்போகிற மாதிரி. ரயில்வேயில் முப்பத்து மூன்று வருடம் கிளார்க், ஃப்ரீ பாஸ் பையில் இருக்கும்போதே பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்தவர், அவரிடம் போய்ப் பூட்டு உடைத்த சிடி... நாட்டில் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று அழுது அடம்பிடிக்கும் ஒரே சாம்பசிவன், என்று ஒருமுறை அவரைப் பற்றியே எழுதி ஒட்டினேன், பேர் மட்டும் மாற்றினேன், நன்றாகச் சிரித்தார்கள்.

அவர் எழுதியது லாரி முறை. பேரே அதுதான், லாரி முறை, இப்போது பதிப்பு ஏழு புள்ளி இரண்டு. 2004 கோடையில் எங்கள் காலனியில் கிணறெல்லாம் சேறாகி, நூற்று நாற்பத்திரண்டு வீட்டுக்கு நாளைக்கு நாலு லாரி தண்ணீர், யார் வீட்டுத் தொட்டி முதலில் என்று தினமும் காலையில் பஞ்சாயத்து, ஒருநாள் பத்தாம் நம்பர் வீட்டம்மாவும் இருபத்தாறாம் நம்பர் வீட்டம்மாவும் ஒரே ஹோஸ் பைப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, லாரி கிளம்பியும் விடவில்லை. அப்பா அப்போதுதான் ரிட்டையர் ஆகித் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பதினேழு வயதுப் பையன்கள் நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தார், ஒரே மாதத்தில் எழுதிவிட்டார், எந்த வீட்டில் எத்தனை பேர், தொட்டி எவ்வளவு பெரிது, கடைசியாக எப்போது விட்டது, எல்லாம் போட்டால் நாளைய முறை தாளில் வந்துவிடும். சண்டை நின்றது. உண்மை பேசுகிறவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும், நின்றது. லாரி டிரைவர் சவுரிமுத்து காலை ஐந்தரைக்கே கேட்டில் வந்து நிற்பார், "லிஸ்ட்டு கீதா சார்? லிஸ்ட்டு இல்லாம நான் உள்ள வண்டிய வுடமாட்டேன், போன வாரம் வேற ஏரியாவுல சட்டையக் கிழிச்சுட்டானுங்க." அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாளை நீட்டுவார், பிரிண்ட் சூடு ஆறாத தாள், அப்போது அவர் முகத்தில்... நான் பிளஸ் டூ முடித்திருந்தேன், ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன், முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைவில் எடுக்கப் பார்க்கிறேன், வேட்டிதான் வருகிறது.

அடுத்த வருடம் மழை. பெய்தது என்று சொன்னால் போதாது, ஏரி எழுந்து வீட்டுக்குள் வந்தது, முழங்கால் தண்ணீரில் அப்பா சிபியூவைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார், அம்மாவின் தையல் மெஷின் இரண்டு நாள் தண்ணீருக்குள்ளேயே நின்றது, அம்மா இன்றைக்கும் அதைச் சொல்வாள், சொல்லும்போது தைக்காத ரவிக்கைகளின் எண்ணிக்கையையும் சொல்வாள். அதன் பிறகு கிணறு நிறைந்தது நிறைந்ததுதான். லாரி வரவில்லை. ஐப்பசியில் மேகம் கறுக்கும்போது காலனியில் ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் வாடிப்போவார், ஆனால் வேலை நிற்கவில்லை, ஆறு, ஆறு புள்ளி ஐந்து, ஏழு, ஏறக்குறைய மாதம் ஒரு சிடி, சங்கச் செயலாளர் ஜெபராஜ் சாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார், "தண்ணி இருக்கும்போதே தயாரா இருக்கணும் ஜெபராஜ்", அவரும் வாங்கிக்கொள்வார், வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு குறை சொல்வார். ரெண்டாவது ஸ்க்ரீன்ல எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு சார். வாடகைக்கு இருக்கறவங்க பேரு தனியா வந்தா நல்லாருக்கும் சார். அப்பா மூன்று வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்வார், சாப்பிடும்போதும் விரலால் தட்டில் கோடு போடுவார், சரியானதும் அடுத்த சிடி.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை, அப்பாவால் போக முடியாது என்பதால் ஏழு புள்ளி இரண்டை நான் கொண்டுபோனேன். சங்கத்து அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது, சிபியூ மேல் பொங்கல் கோலப்போட்டிக்கு வாங்கிய எவர்சில்வர் டப்பாக்கள் அடுக்கியிருந்தன, மானிட்டர் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி கொஞ்சம் குறைவாக ஒரு தடம். மானிட்டர் எங்கே சார் என்றேன். ரிப்பேருக்குப் போயிருக்கு தம்பி என்றார் ஜெபராஜ் சார். எப்போ? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி." அப்புறம் அந்த ரெண்டாவது ஸ்க்ரீன் எழுத்து? அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார், உள்ளே அப்பாவின் சிடிக்கள், ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய தேதி, வரிசையாக, அன்றையதோடு பத்தொன்பது, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டா பாவம், போட்டே பாக்கலைன்னு தெரிஞ்சுடும் இல்லையா தம்பி, அதான் ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவேன். ராத்திரியே யோசிச்சு வச்சுக்குவேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க." நான் அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்டேன், கோழைத்தனம் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன், ஒரு மனுஷனோட ரெண்டு வருஷத்தை இல்லாத குறையைச் சரிபண்ண வச்சிருக்கீங்க சார் என்றேன், ஜெபராஜ் சார் "டீ சாப்பிடறீங்களா" என்றார். சாப்பிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போது கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல், கன்னம் இருந்தது, என்னுடையதாக இல்லை.

பக்கம் முழுசாக வந்துவிட்டது. இதைப் புதுப்பித்தால் நான் இருபதாவது சிடிக்குக் காசு கட்டுகிறேன், புதுப்பிக்காவிட்டால் எழுந்து போய்க் கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதரிடம், அப்பா, உங்க லாரி முறையை உங்களைத் தவிர யாரும் திறக்கறதில்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, கட்டிவிட்டேன் என்று பொய் சொல்லி, மகேஷின் சிடியைப் போட்டுவிடலாம், காசும் மிச்சம், ஆனால் நான் பொய் சொல்வதில்லை... சொல்வதில்லை என்றால், வெள்ளி, சனி, இரண்டு நாள், ஆறு வேளைச் சாப்பாடு, ஒருமுறைகூட அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது, இது என் பத்திரிகையின் கொள்கை, இல்லையென்றால் இப்போது கொள்கையாக வைத்துக்கொள்ளலாம். எழுந்து போய்ச் சொல்ல எத்தனை அடி? ஏழு. சொன்னால் என்ன செய்வார்? கத்த மாட்டார். அதுதான் பிரச்சினை, சரிப்பா என்பார், கண் குணமானதும் காலையில் எழுந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார், அப்புறம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து.

"அதுல ரிமார்க்ஸ்னு கட்டம் இருக்கும், விட்றாதே" என்கிறார் அப்பா, "எழுதிக்கோ. மதிப்பிற்குரிய ஐயா, தங்களது முந்தைய பதிப்பு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது." இணையத்தில் இறக்கிய சாஃப்ட்வேர், வழியில் உடையாமல் வந்து சேர்ந்ததாம். தமிழ்லயாப்பா என்றேன். "நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு. இத்துடன் சந்தாத் தொகை செலுத்தப்படுகிறது, பெற்றுக்கொண்டமைக்கு ஒரு வரி எழுதவும்." இவர் வருடாவருடம் எழுதுகிறார், அவர்கள் வருடாவருடம் இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்ற மெயிலை அனுப்புகிறார்கள், அதையும் அச்செடுத்து ஃபைலில் போடுகிறார், பதில் வந்ததா இல்லையா, வந்தது. சமையலறையிலிருந்து அம்மா, "அந்த எட்டாயிரத்துக்கு ஒரு தையல் மெஷினே வந்துடும்" என்கிறாள், யாரிடமும் இல்லாமல், மிக்சியிடம் சொல்கிற மாதிரி. அப்பா, "அபிதா, அது வேற பட்ஜெட்" என்கிறார். அதன் பிறகு மிக்சி ஓடுகிறது, நின்றுவிடுகிறது. கார்டு எண்ணைத் தட்டினேன், பதினாறு இலக்கம், பேர், தேதி. கடைசியில் ஒரு நீலப் பொத்தான். அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன், வைத்தால் கையாக மாறுகிறது, எடுத்தால் அம்பாகிறது, கை, அம்பு, கை, இதை எவ்வளவு நேரம் செய்தேன் என்று தெரியவில்லை.

"ஜெபராஜைப் பாத்தியே," என்றார் அப்பா. குரல் கூரையைப் பார்த்துப் பேசுகிற குரல். "ஏதாவது சொன்னாரா?"

கேட்டுவிட்டார். இனி கொள்கை உதவாது. ஏழு அடி. ஆமாம்ப்பா, சொன்னார், உட்காருங்க, இல்லை, படுத்துத்தான் இருக்கிறார், படுத்திருங்க, ஒரு விஷயம்... தொண்டையில் வாக்கியம் தயாராகவே இருந்தது, இலக்கணச் சுத்தமாக, எழுவாய் பயனிலையோடு. வாயைத் திறந்தேன்.

"பிரிண்ட் எடுத்தா ஒரு வீடு ரெண்டு தடவை வருதாம்ப்பா."

கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் படுக்கிறார். "ரெண்டு தடவையா? எந்த வீடு?"

"நூத்திப் பதினேழு." ஒரு நொடிகூடத் தாமதமில்லை, ஜெபராஜ் சார் பாவம், அவருக்கு ராத்திரியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

தெருவில் ஒரு ஆட்டோ வந்து, நின்று, பேரம் பேசி, போய்விட்டது. "அது காலி மனையாச்சேடா" என்றார் அப்பா. கோபமாக இல்லை, கேள்வியாகவும் இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை, அம்பு, கை. காலி மனை, வீடே இல்லை, தொட்டி இல்லை, முறையும் இல்லை, இது காலனியில் யாரைவிடவும் அவருக்குத் தெரியும், ஒவ்வொரு நம்பரையும் தன் கையால் தட்டி ஏற்றியவர். அவர் தொண்டையைச் செருமினார். "சரி, பாத்துடலாம். கண்ணு தெளியட்டும். எங்க தப்புன்னு தெரியலை, தேடணும், ஒரு மாசம் ஆகும்."

ரெண்டாவது ஸ்க்ரீனில் எழுத்து சின்னதாக இருப்பதாக ஜெபராஜ் சார் சொன்னதைக் கேட்டு அப்பா வீடு திரும்பிய அன்றும், வாடகைக்காரர் பேர் என்று வந்த அன்றும், இதே போலக் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, இதே சரியைத்தான் சொன்னாரா... நான் வீட்டில்தான் இருந்தேன், ஒவ்வொரு தடவையும் இருந்தேன், காதில் விழவில்லை.

"கட்டிட்டியா?" என்றார்.

கட்டிட்டேன் என்றேன். அப்புறம்தான் பொத்தானை அழுத்தினேன்.