ஒற்றைச் செருப்புகள்

"இது யாருது?" என்று அத்தான் ஒரு கறுப்பு ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

கூடம் நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுவில், பெட்டிக்குள், மேஸ்திரியின் மனைவி படுத்திருந்தாள். நேற்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டவள். யாரோ நல்ல வேடிக்கை ஒன்றைச் சொல்லக் கேட்டபடியே கண்ணயர்ந்த மாதிரி இருந்தது முகம். பெட்டியை வைத்திருந்த மேசைக்கு அடியில் அவர்கள் நாய், மாப்பிள்ளை, படுத்திருந்தது. அதைச் சுற்றிலும் ஒற்றை ஒற்றையாகச் செருப்புகளும் ஷூக்களும். ஜோடி என்று ஒன்றுகூட இல்லை.

"வண்டி வந்து வாசல்ல நிக்குது. என்னுதுன்னு வாங்கிட்டுப் போனா வேலை முடிஞ்சுது. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அத்தான், மேஸ்திரியின் அக்கா கணவர். கல்யாண வீடோ சாவு வீடோ, போன இடத்தில் யாரும் கேட்காமலே பொறுப்பைத் தோளில் தூக்கிக்கொள்வார். குரலோ தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவர் "மாப்ளே" என்று கூப்பிட்டால் மேஸ்திரியும் திரும்புவார், நாயும் திரும்பும். பிள்ளையில்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தப் பழுப்பு நாய், முதல் நாளே நல்ல சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு உபசாரத்துக்குக் காத்திருந்ததால் மனைவி வைத்த பெயர் அது.

அந்தக் குவியலைப் பார்த்ததுமே மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அவர் மனைவி கவுன்சலிங் பண்ணுகிறவள். மனசு தாங்காமல் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்பதுதான் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான் உத்தியோகம். பேச வாய் வராதவர்கள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசிவிடுவார்கள். அவளிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல். இத்தனை வருஷத்தில் யார் வந்தார், எதற்கு வந்தார் என்று புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் கிண்டிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

தொழில் விஷயமாக அவள் சொன்ன ஒரே கதை நாயைப் பற்றியது. செருப்பை அறை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆரம்பத்தில் பலபேர் பாதிப் பேச்சில், "ஒண்ணுமில்லைங்க, அவசர வேலை இருக்கு" என்று எழுந்துவிடுவார்களாம். ஒருநாள் மாப்பிள்ளை தானாகப் போய் ஒருவரின் செருப்பில் ஒன்றைக் கவ்விவந்து, அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. பிடுங்க மனசு வராமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேசினார். அன்றிலிருந்து யார் வந்தாலும் ஒரு கால் செருப்பு அதன் வசம். பேசி முடித்து, அவள் "குடுத்துடு" என்றால்தான் கொடுக்கும். "நான் படிச்ச படிப்பெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மேஸ்திரி தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். தன் கையால் போட்ட தரையில் யாரும் செருப்போடு நடக்கக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வாசலில் கழற்றிப் போட, மாப்பிள்ளை முகர்ந்து முகர்ந்து தனக்குத் தெரிந்தவர்களுடையதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. "குடுத்துடு" என்று சொல்கிறவள் பெட்டிக்குள் இருந்தாள்.

இப்போது ஒரு செருப்பை என்னுது என்று வாங்கினால், நான் அங்கே போய் அழுதவன் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆளாளுக்கு விழித்துக்கொண்டிருந்தார்கள். எப்படிப் பழக்கம் என்று அத்தான் காலையில் விசாரித்தபோதே ஒரு அம்மாள், "பஸ்ல பார்த்திருக்கேன்" என்றாள். கோர்ட்டில் மணிக்கணக்காக வாதாடும் வக்கீல் ஒருவர், "சும்மா, தெரியும்" என்பதற்கு மேல் பேச வராமல் தண்ணீர் கேட்டார். மனைவியோடு வேலை பார்த்த அடுத்த ரூம் கவுன்சலர் அம்மா, சுவரோரம் நின்று மேஸ்திரியையே பார்த்தாள். ஏதாவது பண்ணுங்களேன் என்றது அந்தப் பார்வை.

"நான் வாசல்ல கொண்டுபோய்ப் போட்டுடறேன் அத்தான்" என்று மேஸ்திரி இரண்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார். மாப்பிள்ளை எழுந்து போய் அதே இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தது. "குடுத்துடு" என்று சொல்லிப் பார்த்தார். நீ யார் அதைச் சொல்ல என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மோவாயைக் கீழே வைத்துக்கொண்டது.

அத்தான் அடுத்ததை எடுத்தார். பச்சை வார் வைத்த செருப்பு. "இது பொம்பளைங்க செருப்பு. யாரும்மா?" என்று அதை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் அக்காவையும் பார்த்தார். அவள் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னமோ இருக்கு இதுல" என்றார் அத்தான். மனசு சரியில்லை என்று நாயிடம் போய் அழுகிறவன் மனுஷனா என்று சாப்பாட்டு மேசையில் நூறு தடவை கேட்டவர் அவர். "சரி, வாசல்ல நிக்கறேன். யார் ஒத்தைச் செருப்போட போறாங்கன்னு பார்த்துடலாம்."

வக்கீலின் முகம் சுண்டிப்போனது. அவள் இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை அரை நிமிஷத்தில் வாசலில் கொட்டிவிடப் போகிறார்களே என்று மேஸ்திரிக்குப் பதறியது. பொய்யைச் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். யோசிக்க நேரமில்லை.

"யாரும் செருப்புப் போட வேண்டாம்" என்றார். "எல்லாரும் வெறுங்காலோட வரணும். அவ ஆசை."

"எப்பச் சொன்னா? தூக்கத்துலதானே போனா?"

"தூங்கறதுக்கு முன்னாடி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். அத்தான் வாயைத் திறந்தார். சாகிறவள் சொல்லிவிட்டுப் போனதை மறுத்துப் பேச முடியாமல் மூடிக்கொண்டார்.

"திரும்பி வந்து அவங்கவங்க எடுத்துக்கட்டும்" என்றார் மேஸ்திரி. "நாமெல்லாம் அப்பப் பின்கட்டுல இருப்போம். நீங்களும்தான் அத்தான்."

ராத்திரி பெய்த மழை தெருவெல்லாம் தேங்கியிருந்தது. வண்டி மெதுவாக நகர, பின்னால் வெறுங்கால்களோடு ஊர்வலம் போனது. வக்கீல் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, காணாததைக் கண்டவர் போல் தண்ணீரில் தளக் தளக்கென்று நடந்தார். பஸ்ஸில் பார்த்த அம்மாள் கல் குத்தி ஒரு துள்ளுத் துள்ளி, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் அது பின்வரிசை வரைக்கும் பரவியது. மாப்பிள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிற்று.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அத்தனையும் சேறு பூசிய கால்கள். எது அவளிடம் வந்த கால், எது வராத கால் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்த உடனே பார்வை முன்னால் போகிற வண்டியில் போய் நின்றது.

அக்கா வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். அத்தான் முன்னால் வண்டிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கால்னு அவ சொல்லலை. இல்லையாடா?"

அவர் குனிந்து வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பச்சைச் செருப்பு என்னுது தம்பி."

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"சொந்தக்காரங்களை அவ பார்க்கமாட்டாளாமே. நான் போனது அடுத்த ரூம் அம்மாகிட்ட. நாய் ரெண்டு பேருக்கும் பொது. செருப்பைக் குடுக்கச் சொல்லி மட்டும் உன் பொண்டாட்டிதான் கதவுக்கு வெளியில இருந்து குரல் குடுப்பா. ஒருநாள் வராண்டாவுல உன் பொண்டாட்டி எதிர்ல வந்துட்டா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவ யாரோ எவரோன்னு நேரா போயிட்டா. அன்னைக்கே சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன். 'வாங்க அண்ணி, பார்த்து எவ்வளவு நாளாச்சு'ங்கறா."

மேஸ்திரிக்கு அந்தக் குரலே காதில் கேட்டது.

"போன மாசம் உன் அத்தானே கூட வந்து வாங்கின செருப்புடா அது. அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, யாருதும்மான்னு என் முகத்தைப் பார்த்தே கேட்டார்." அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, தோள் குலுங்கச் சிரித்தாள். "எதுக்குப் போனேன்னு இனிமே உனக்குத் தனியா சொல்லணுமா?"

என்னிடம் வந்திருக்கக் கூடாதா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னென்னவோ அவர் நாக்கு வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

"எந்தச் செருப்புக்கா?"

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே தெருவை அடைத்துத் தண்ணீர் கிடந்தது. இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்காமல் அதிலேயே இறங்கி நடந்தார்கள்.