இந்த வண்டி எங்கே போயிருந்தது?

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். விபத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. நிறுத்தி வைத்த காரில் மரம் வந்து மோதியது என்று எழுதுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. கணவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்றால்கூட, “என்ன விஷயம்?” என்பாள்.

அப்படிப்பட்டவள் முதன்முதலாகக் கார் வாங்கக் கிளம்பினாள். அதுவும் பழைய சொகுசுக் கார். புதுச் சின்னக் காரின் விலையில் பாதிக்குக் கருநீலத்தில் ஒன்று விளம்பரத்தில் வந்திருந்தது. போனில் பேசிய பெண், “நிறைய ஓடின வண்டிதான், நேர்ல வந்து பாருங்க” என்றாள்.

“ஒண்ணு திருட்டு வண்டியா இருக்கணும், இல்லை வெள்ளத்துல முங்கின வண்டியா இருக்கணும்” என்றாள் கணவரிடம்.

“இல்லை, அவங்களுக்கு வண்டி வேண்டாம்னு இருக்கலாம்.”

“அப்படி யாராவது இருப்பாங்களா?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனார்கள். வெளிநாட்டில் கப்பல் கட்டும் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்து, போன மாதம்தான் ஒரேயடியாக வீடு திரும்பியவர் கேட்டைத் திறந்தார். “இனிமே இந்த வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி? எனக்கு ஓட்டவும் தெரியாது. அப்போ ஆசைப்பட்டு செகண்ட்ஹேண்ட்ல வாங்கிப் போட்டுட்டுப் போனேன்” என்றார். அவர் மனைவி சற்றுத் தள்ளி, சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பூதக்கண்ணாடி வேலையை ஆரம்பித்தாள். தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தாள். கதவின் திருகுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். வெள்ளத்துக்கோ திருட்டுக்கோ ஓர் அடையாளமும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைக் கேட்டு வாங்கித் திருப்பினாள். மீட்டரில் எண்கள் ஒளிர்ந்தன.

“ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டரா!” வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் சிரித்தார். “இருக்காதும்மா. பசங்களை ஸ்கூல்ல விடவும் கடைக்குப் போகவும்தான் இது. நான் வாங்கும்போது நாப்பதாயிரம்.” சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து தானே படித்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

“மீட்டர் கோளாறா இருக்கும்” என்றாள் மனைவி, யாரும் கேட்பதற்கு முன்பே.

கேள்விக்கு முன்னால் வரும் பதிலைப் பூதக்கண்ணாடிக்கு நன்றாகத் தெரியும். அன்றாடம் அதைச் சிவப்பு மையில் வட்டமிடுகிறவள் அவள். வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. “வாங்க, ஓட்டிக் காட்டுறேன்” என்று வந்தவளை அவசரப்படுத்தினாள்.

பூதக்கண்ணாடியின் கணவர் வீட்டுக்காரரோடு கேட்டருகே நின்றுகொண்டார். வீட்டுக்காரரின் மனைவி காரைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பிடித்தாள். “உக்காருங்க மேடம்.” பூதக்கண்ணாடி பின்னால் ஏறினாள். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. வேகத்தடைகளில் தொட்டில்போல ஏறி இறங்கியது. தெருமுனை திரும்பியதும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து அந்தப் பெண் கேட்டாள்: “ஏசி போதுமா மேடம்?”

“எத்தனை வருஷமா வாடகைக்கு ஓட்டுறீங்க?”

வண்டி ஓரங்கட்டி நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே அந்தப் பெண் பேசினாள்.

“ஒரு வருஷம் அவருக்கு அங்க சம்பளம் போடலை. என்கிட்ட சொல்லலை. ‘மொத்தமா டெபாசிட் போடுறேன், சேர்த்து அனுப்புறேன்’னார். அவரோட வேலை பாத்தவர் மூலமாத்தான் விஷயம் தெரிஞ்சுது. நானும் கேக்கலை, கேட்டா உடைஞ்சு போயிருவார். ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏத்த ஆரம்பிச்சேன். ஹோட்டல்காரங்க கூப்பிட்டாங்க. பெரிய வண்டி, பொம்பளை டிரைவர்னு தனியா வர்ற பொம்பளைங்க என்னையே தேடினாங்க. அவர் லீவுல வந்தா வண்டிக்கும் லீவு.”

“சம்பளம் வந்தப்புறம் விட்டிருக்கலாமே?”

“விட மனசு வரலை. வீட்டுல ஆயிரம் பேர் ஆயிரம் கேப்பாங்க. இங்க உக்காந்தா ‘எங்கே போகணும்’னு நான்தான் கேப்பேன்.” பிறகு தணிந்த குரலில், “அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தான் பட்ட பாடெல்லாம் வீண்னு நினைச்சுப்பார்.”

பூதக்கண்ணாடி வழக்கம்போலப் பாதியைத் தள்ளிப் பார்த்தாள். இரக்கத்தைக் காட்டி விற்கிறாளோ? “வண்டியில என்ன குறை?” என்று வெடுக்கென்று கேட்டாள்.

“பின்கதவுக் கண்ணாடியை மழையில இறக்கினா ஏறாது. முன்பக்க சஸ்பென்ஷன் ரொம்ப நாள் தாங்காது. மூணாவது கியர் விழும்போது ஒரு உதறல் வரும். நாங்க சொன்ன விலையில இன்னும் குறைச்சுக்குங்க.”

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிற ஆளைப் பூதக்கண்ணாடி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. இவள் பேச்சில் எந்தப் பாதியைத் தள்ளுவதென்று தெரியவில்லை.

திரும்பியபோது வீட்டுக்காரர் நடைபாதையிலேயே காத்திருந்தார். முகம் இறுகிப் போயிருந்தது. மனைவி வண்டியின் காகிதங்களை எடுத்துவர உள்ளே போனதும் அருகில் வந்தார்.

“நீங்க இன்சூரன்ஸ்லயாமே. உங்க கண்ணுல எதுவும் தப்பாதுன்னு உங்க கணவர் சொன்னார்.” பூதக்கண்ணாடி கணவரை ஒரு முறை முறைத்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இவ்வளவு தூரம் இவ யாரோட போயிருப்பா?”

எங்கே என்று அவர் கேட்கவில்லை. யாரோட என்று கேட்டார். பூதக்கண்ணாடியின் வாய் சும்மா இருந்திருந்தால் இந்த மனிதர் மீட்டரையே பார்த்திருக்க மாட்டார். உண்மையைச் சொல்லவும் அவளுக்கு உரிமையில்லை. சொல்லாமல் போனால் இந்த வீடு என்னாகும்?

டிரைவருக்குப் பக்கத்து முன்கதவைத் திறந்தாள். “இந்த சீட்டை அழுத்திப் பாருங்க.”

தோலில் ஒரு சுருக்கம் இல்லை. கடையிலிருந்து எடுத்துவந்த நாற்காலிபோல விறைப்பாக இருந்தது.

“இப்போ பின்னாடி பாருங்க.”

பின்சீட்டின் ஒரு பக்கம் குழிந்து, தோல் வெடித்திருந்தது. பிறகு டிக்கியையும் திறந்து காட்டினாள்; விளிம்பு முழுக்க நீளநீளமாகக் கீறல்கள்.

“ஒருத்தரோட ஊர் சுத்தினா அவர் பக்கத்துலதான் உக்காருவார். முன்சீட்டுல அதிகமா யாரும் உக்காரவே இல்லை. நான் பாத்தது இவ்வளவுதான். மீதியை அவங்கதான் சொல்லணும். கேக்கிற விதமா கேளுங்க.”

அவர் கீறல்களின்மேல் விரலை ஓட்டினார். பெட்டியும் கையுமாக எத்தனை தடவை விமான நிலையத்தில் இறங்கியவர்! கனத்த பெட்டியை இழுத்து இறக்கினால் விழும் கோடு அவருக்குத் தெரியாதா என்ன? அப்படியே குனிந்தபடி நின்றார். மனைவி காகித உறையோடு வந்தாள்.

“எப்போ ஆரம்பிச்சே?”

அவள் பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். தான் சொல்லவில்லை என்பதுபோலப் பூதக்கண்ணாடி தலையை ஆட்டினாள். பிறகு அந்தப் பெண் கணவரிடமே சொன்னாள்: “உங்களுக்குச் சம்பளம் போடாத வருஷம்.”

அவர் டிக்கியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டது அவருக்கே காதில் விழுந்திருக்காது. பிறகு எழுந்து, “மன்னிச்சுக்குங்க, வண்டியை விக்கலை” என்றார்.

“விக்கிறோம்” என்றாள் மனைவி.

“இல்லம்மா, நீ ஓட்டின வண்டி...”

“என் இடுப்பு வலி உங்களுக்குத் தெரியுமா? விக்கிறோம்.”

அந்த வாரத்திலேயே காகிதங்கள் கைமாறின. கருநீல வண்டி பூதக்கண்ணாடியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. கணவர் கதவைத் திறந்து திறந்து மூடி, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கோ ஓட்டும்போதெல்லாம் எங்கேயோ ஏதோ கடகடப்பதுபோல ஒரு பிரமை. ஒரு நாள் நிஜமாகவே கடகடத்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

“இடது பக்கம் திரும்பும்போது மட்டுமா? அப்போ சஸ்பென்ஷன்தான். நான் பாக்கிற மெக்கானிக் நம்பர் அனுப்புறேன். நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஏமாத்த மாட்டார்.”

போனை வைக்க மனம் வரவில்லை. “வீட்டுல எப்படி இருக்கார்?”

“ரெண்டு நாள் பேசவே இல்லை. இப்போ கேள்வியாக் கேக்கிறார். எந்த ரோடு, யார் ஏறினா, என்ன பேசினாங்கன்னு. ஒரே ஆளைப் பத்தி மறுபடி மறுபடி கேக்கிறார். இன்னும் முழுசா நம்பலை போல.”

“நீங்க என்ன செய்றீங்க?”

“எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்” என்றாள் அந்தப் பெண். “என்கிட்ட அவர் இவ்வளவு பேசினதே இல்லை மேடம்.”